சிவப்புக் கோடு விழுந்த பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பாடசாலைகளை ஒப்பிட்டு நீங்கள் பத்திரிகையில் எழுதிய கட்டுரையை வெள்ளிக்கிழமை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் எடுத்து வாசித்தேன். கோபமும் தணியவில்லை, சந்தோஷமும் தணியவில்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க எனக்கு ஏலாது. உங்கள் வாப்பா அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அவர் இருந்திருந்தால் இதை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார், இன்னும் காரமாக. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். பாடசாலைகளைப் பற்றி எழுதக் கிளம்புகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பகிரங்கமாக எழுதுகிறேன்.

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள, கல்முனைப் பக்கத்து 1 ஏபி பாடசாலை ஒன்று. தெற்கே எங்கள் கரையில், உயர்தரத்தில் தொழிற்பிரிவு நடக்கிற சின்னப் பாடசாலை ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பெயர்களை எழுதாமல் விட்டது நல்ல காரியம், நானும் எழுதமாட்டேன். 1 ஏபி என்றால் என்ன, மாகாணப் பாடசாலைக்கும் தேசிய பாடசாலைக்கும் என்ன வித்தியாசம், ஆசிரியர் பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் நேரத்தை விடவேண்டாம்.

தலைப்பிலேயே எனக்கு முதல் முள் குத்திவிட்டது. 'இரு துருவங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். தம்பி, விடிய ஐந்தரைக்கு எங்கள் கோமாரிச் சந்திக்கு வந்து நில்லுங்கள். பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற பஸ்ஸில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் ஏறுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அக்காவுக்கு உயிரியல் பிரிவு, தம்பிக்குத் தொழிற்பிரிவு. ஒரே தாய் ஒரே சட்டிச் சோற்றில் கட்டிய இரண்டு பார்சல். ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருவர் முன்னால் இறங்க, மற்றவர் பின்னால் இறங்குகிறார். இதில் துருவம் எங்கே இருக்கிறது? ஆசிரிய பீடத்தில் யாராவது வைத்த தலைப்பென்றால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்களே வைத்ததென்றால், அடுத்த முறை தலைப்பை எழுதும் முன் அந்தப் பஸ்ஸில் ஒரு நாள் வாருங்கள்.

இனி என் நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். 'சித்தி வீதம்' என்ற சொல் உங்கள் கட்டுரையில் பதினொரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். பெரிய பாடசாலைக்கு இவ்வளவு வீதம், சின்னப் பாடசாலைக்கு இவ்வளவு வீதம், ஆகவே இது மேல், அது கீழ். எத்தனை பேரில் அந்த வீதம் என்று ஓரிடத்திலும் இல்லை. சின்னப் பாடசாலையில் இரண்டு பிள்ளைகள் பரீட்சையைக் காய்ச்சலோடு எழுதித் தவறினாலே வீதம் சரிந்துவிடும். பெரிய பாடசாலையில் இரண்டு பேர் தவறினால் அசையாது. அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறொன்று.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தரம் 6இல் 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள். தரம் 11 முடிவில் 22 பேர் ஓ.எல் பரீட்சைக்குத் தோற்றினார்கள். அதில் 18 பேர் சித்தி. பாடசாலை வாசலில் பதாகை கட்டுவார்கள், 82 வீதம் என்று. நீங்களும் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போவீர்கள். சேர்ந்த நாற்பது பேரை வைத்துக் கணக்குப் பார்த்தால் அது 45 வீதம். இடையில் போன அந்தப் பதினெட்டுப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்கள் தோற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கிற தாளில் 'தோற்றியோர்' என்ற நிரலில் இருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. பாடசாலையைப் பற்றி எழுதுகிறவன் அதற்கு ஐந்து வருடம் முன்னால் போய் நிற்க வேண்டும்.

எங்கே போய் நிற்பது? சேர்விடாப்பில். நாற்பது வருடமாக நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரின் அலுமாரியில் கனத்த மட்டை போட்ட அந்தப் புத்தகம் இருக்கும். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில், முகவரி, சேர்ந்த திகதி. கடைசியில் விலகிய திகதியும் காரணமும். வகுப்பு வரவு இடாப்பிலும் சேர்விடாப்பிலும் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போட்டு வெட்டுவோம். சேர்விடாப்பில் காரணமும் எழுதுவோம். 'இடம்பெயர்வு', 'நீண்டகால வரவின்மை', 'பெற்றோர் வேண்டுகோள்'. இந்தக் கரையின் சரித்திரம் இந்த மூன்று சொல்லுக்குள்ளே கிடக்கிறது. 1990ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால் 'இடம்பெயர்வு' என்று வரிசையாகக் கீழே இறங்கும். 'நீண்டகால வரவின்மை' என்றால் பெரும்பாலும் பையன். வட்டையில் வேளாண்மை வெட்டு, கரைவலை, அல்லது அறுகம்பையில் சுற்றுலாச் சீசன் வேலை. 'பெற்றோர் வேண்டுகோள்' என்றால் பெண்பிள்ளை. தாய் சவூதிக்கோ குவைத்துக்கோ போயிருப்பாள், வீட்டில் சின்னதுகளைப் பார்க்க ஆள் வேண்டும். காரணத்தை அப்படியே எழுத எங்களுக்குத் துணிவு வரவில்லை, ஆகவே மூன்று சொல்லில் ஒளித்து வைத்தோம்.

2016இல் கட்டாயக் கல்வி வயதைப் 16 ஆக்கினார்கள். நல்ல சட்டம். அதன்பிறகு சிவப்புக் கோடு குறைந்ததா, இல்லை, கோடு போடாமல் பெயரை மட்டும் விட்டுவைக்கிறார்களா? பத்துப் பாடசாலை இடாப்பைப் பார்த்து நீங்கள் இதை எழுதினால் பத்து அறிக்கைகளுக்குச் சமம்.

சுனாமி அடித்து மூன்றாம் நாள், நான் அப்போது படிப்பித்த கரையோரப் பாடசாலையின் அலுமாரியைச் சேற்றுக்குள் இருந்து நாங்கள் நாலு பேர் இழுத்தெடுத்தோம். கதவு வீங்கிப்போய்த் திறக்கவில்லை; அலவாங்கால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே சேர்விடாப்பு ஊறிப் பாண் மாதிரி இருந்தது. மற்றவர்கள் வாங்கு கதிரை எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தப் புத்தகத்தை ஒரு தகரத்தின் மேல் வைத்து, தாளுக்குத் தாள் பழைய பத்திரிகைத் துண்டு செருகி, ஐந்து நாள் வெயிலில் காயவிட்டேன். குமிழ்முனைப் பேனையால் எழுதியவை நின்றன. அதற்கு முந்திய காலத்து ஊற்றுப்பேனை மை கரைந்து நீலப் படலமாகிவிட்டது. பழைய பக்கங்களில் மிஞ்சியவை சிவப்புக் கோடுகள் சிலதுதான். அவற்றுக்குக் கீழே இருந்த பெயர்கள் யாருடையவை என்று தெரியாது. பைத்தியம் என்றுதான் பலரும் என்னைப் பார்த்தார்கள். செத்துப்போன பிள்ளைகளில் சிலருக்கு அந்தப் புத்தகத்தைத் தவிர வேறெந்தக் கடுதாசியிலும் பெயர் மிஞ்சியிருக்கவில்லை.

ஆகவே வீதத்தை வைத்து இரண்டு பாடசாலைகளை நிறுத்துப் பார்த்தவர்மேல் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரிது. 'படிப்பு ஏறாத பிள்ளைகளின் கடைசிப் புகலிடமாகத் தொழிற்பிரிவு விளங்குகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்தில் நான் பேனையை வைத்து அடிக்கோடு போட்டேன், தாள் கிழிந்துவிட்டது. படிப்பு ஏறாது என்பதை யாரிடம் கேட்டீர்கள்? பிள்ளையிடமா, அதிபரிடமா? கட்டுரையைப் பார்த்தால் வேலைக்கூடத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்ததுதான் தெரிகிறது. 'உள்ளே இயந்திரங்களின் ஓசை' என்று ஒரே வரி. எந்த இயந்திரம், அதில் யார் கை, அந்தக் கை என்ன செய்தது?

நான் உள்ளே போனேன். போன வருடம், வேறொரு பாடசாலையில். அலுமினியத்தில் ஜன்னல் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தான் ஒரு பையன். நாலு துண்டையும் மூலைக்கு மூலை 45 பாகையில் வெட்டிச் சேர்த்துத் தரையில் கிடத்தினான். பிறகு டேப்பை எடுத்து ஒரு மூலையில் இருந்து எதிர்மூலைக்கு அளந்தான். மற்ற மூலையில் இருந்தும் அளந்தான். இரண்டுக்கும் மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம். ரப்பர் சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டினான். திரும்ப அளந்தான், திரும்பத் தட்டினான். இரண்டும் ஒன்றான பிறகுதான் ஆணி முடுக்கினான். ஏன் அப்படி அளக்கிறாய் என்று கேட்டேன். "மூலைவிட்டம் ரெண்டும் சமமெண்டாத்தான் சேர் சட்டம் நேரா நிக்கும், இல்லாட்டிக் கண்ணாடி இறங்காது" என்றான். எதிர்ப்பக்கங்கள் சமமான நாற்கோணத்தில் மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம் என்று நான் கரும்பலகையில் எழுதிய காலத்தில் எத்தனை பேருக்கு அது கையில் இறங்கியது? இந்தப் பையன் ஓ.எல்லில் கணிதத்தில் சித்தியடையாதவன். உங்கள் வசனத்தின்படி படிப்பு ஏறாதவன்.

இதை எழுதும்போது எனக்கு 1976 ஞாபகம் வருகிறது. பொறுத்து வாசியுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

1972இல் கல்வி மறுசீரமைப்பு வந்தது. சாதாரண தரம் போய் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழான என்.சி.ஜி.ஈ வந்தது. அதில் தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக வைத்தார்கள். அந்த 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்பதைக் கவனியுங்கள். கொழும்பில் பெரிய கல்லூரிப் பிள்ளைக்கும் உண்டு, கோமாரிப் பிள்ளைக்கும் உண்டு. அந்தந்த ஊர்த் தொழிலைப் பாடமாக எடுக்கலாம். அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். உங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களை நினைப்பார்கள். எங்கள் ஊரில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலை நினைத்துக் கசப்பார்கள். அந்த நினைப்பு இரண்டுக்கும் நடுவில் தொழில்முன்னிலைப் பாடம் யாருடைய ஞாபகத்திலும் இல்லாமல் போய்விட்டது.

1976இல் நான் புதிதாக நியமனம் கிடைத்தவன். கரையோரப் பாடசாலை, ஆகவே மீன்பிடி என்று எடுத்தோம். எனக்கு மீன் சாப்பிடத் தெரியும், வலை பிடிக்கத் தெரியாது. வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தமிழில் எழுத்துக்கூட்டி வாசிப்பான், கணக்கில் கை வைக்கமாட்டான், பின்வாங்கில் இருந்து ஜன்னலால் கடலைப் பார்ப்பான். வலை பின்னுவோம் என்று சொன்ன அன்றைக்கு முன்வாங்குக்கு வந்தான். ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, மூங்கில் சீவல் ஒன்றைக் கண்ணளவுக்கு வைத்துக்கொண்டு, ஊசியை ஓட்டத் தொடங்கினான். வீச்சுவலை மேலே ஒடுங்கி, கீழே விரிய வேண்டும். சுற்றுக்குச் சுற்று எத்தனை கண் கூட்ட வேண்டும், எந்தச் சுற்றில் கூட்டக்கூடாது என்பது அவனுக்கு மனதில் இருந்தது. புளியங்கொட்டையைத் தரையில் வைத்துக் கணக்குப் பிடிப்பான். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை, கண் கூட்டிய சுற்றுக்கு இரண்டு. அந்தக் கொட்டைகளைப் பார்த்து நான் கரும்பலகையில் கூட்டல் விருத்தி எழுதினேன். வகுப்பு முழுக்க விளங்கிக்கொண்டது. அவனும் விளங்கிக்கொண்டான். அவன் தன் கையில் இருந்ததைப் பலகையில் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

1977இல் ஆட்சி மாறியது. என்.சி.ஜி.ஈயைக் கைவிட்டார்கள். பழையபடி ஓ.எல், ஏ.எல். தொழில்முன்னிலைப் பாடத்துக்கு நேரசூசியில் இடமில்லை. அரைவாசி பின்னிய வலை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டே இருந்தது. பாதி நாட்டுக்கு அந்தப் பாடம் போனதில் நிம்மதி. 'எங்கள் பிள்ளை கொல்லனாகவா படிக்கப் போகிறான்' என்று கேட்டவர்கள் நிறைய. பையன் மறுபடி பின்வாங்குக்குப் போனான். கொஞ்ச நாளில் அங்கேயும் இல்லை. மாத முடிவில் வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வரிசையாகப் பூச்சியம். நான் சிவப்புப் பேனையை எடுத்துக் கோடு போட்டேன். சேர்விடாப்பில் 'நீண்டகால வரவின்மை' என்று எழுதினேன். அவன் வீடு பாடசாலையில் இருந்து நடந்து போகிற தூரம்தான். நான் போகவில்லை.

இப்போது விளங்குகிறதா, 'கடைசிப் புகலிடம்' என்ற சொல் எனக்கு ஏன் தாங்கவில்லை என்று? கன்னங்கரா அறிக்கையிலேயே, 1943இல், மூன்று வகைப் பாடசாலைகளைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று செயன்முறைப் பாடசாலை. பிள்ளையை எந்த வயதில் எந்தப் பக்கம் பிரிப்பது என்று அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. தீராததற்குக் காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: கைவேலைப் படிப்பை எப்போதும் மற்றவன் பிள்ளைக்குத்தான் சிபாரிசு செய்கிறோம். சட்டம் எழுதுகிறவனின் பிள்ளை அதைப் படிப்பதில்லை. 1972இல் எல்லாருக்கும் என்று வைத்தார்கள், அது ஐந்து வருடத்துக்கு மேல் தாங்கவில்லை.

என் அக்காவின் மகள் குடும்பம் சுவிஸில் பேர்ண் நகரத்தில் இருக்கிறது. அங்கே கட்டாயப் படிப்பு முடிந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். வாரத்தில் மூன்று நாலு நாள் வேலைத்தலம், மிச்சம் பாடசாலை. வங்கிக்காரனின் பிள்ளையும் போகும். அதிலிருந்தே மேலே பட்டப்படிப்புக்குப் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் எங்கள் சனம் அங்கே போய், பிள்ளை பல்கலைக்கழகப் பாதையான கிம்னாசியத்துக்கு எடுபடவில்லையென்று செத்தவீடு மாதிரி இருக்கிறது என்று அவள் தொலைபேசியில் சொல்கிறாள். வெட்கத்தைப் பொதியோடு கட்டிக் கொண்டுபோயிருக்கிறோம்.

ஆனால் இந்த இடத்தில் உங்களோடு இன்னொரு சண்டை. பெற்றோரின் 'வெள்ளைக்கோட் மோகம்' என்று எழுதி ஒரு பந்தி அவர்களை ஏசியிருக்கிறீர்கள். மோகம் என்று தள்ளிவிட வேண்டாம். பல்கலைக்கழக அனுமதியில், கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில், 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்டக் கணக்குக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை அந்தப் பதினாறில் ஒன்று. கொழும்புப் பிள்ளைக்குப் போதாத புள்ளி இங்கே ஒரு பிள்ளையை மருத்துவபீடத்தில் இருத்திவிடும். கரைவலை இழுக்கிற தகப்பனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஊரில் ஒரு பிள்ளை எடுபட்டால் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை மாறுவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் கணக்குப் பார்த்துத்தான் டியூசனுக்குக் காசு கட்டுகிறார். அவர் பார்க்காத கணக்கு, எடுபடாமல் போகிற மற்றப் பிள்ளைகளுடையது. அந்தக் கணக்கை அவருக்குக் காட்டுவது உங்கள் தொழில்.

தொழிற்பிரிவின் பிழைகளையும் நீங்கள் தொடவில்லை. ஒரு பக்கம் இரக்கம், மறுபக்கம் திட்டத்தின் புகழ். இந்தப் பிரிவைக் கொண்டுவந்து, 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். ஓ.எல் சரியாக வராத பிள்ளைக்கு முதல் தடவையாகத் தரம் 12இன் கதவு திறந்தது. அதே வெள்ளை உடுப்பு, அதே பாடசாலை, காலைக்கூட்டத்தில் அதே வரிசை. 26 தொழிற்பாடங்கள். முடிவில் தேசியத் தொழிற்தகைமையான என்.வி.கியூவின் நான்காம் மட்டம். அதற்கு மேலே ஏழாம் மட்டம் வரை ஏணி உண்டு, இரத்மலானைத் தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரைக்கும். ஏணியின் கால் எங்கள் ஊரில் ஊன்றியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தாளில் 26 பாடம் இருக்கலாம். பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ, பக்கத்தில் எந்தப் பயிற்சி நிலையம் இருக்கிறதோ, அந்தப் பாடந்தான் பிள்ளைக்கு. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிற பிள்ளை நீர்வாழ் வளம் படிக்க முடிகிறதா? பக்கத்தில் அறுகம்பை இருக்க, சுற்றுலாவும் விருந்தோம்பலும் படிக்க முடிகிறதா? மருதமுனையில் கைத்தறி ஓசை கேட்டு வளர்கிற பிள்ளைக்குப் புடவைத் தொழில்நுட்பம் கிடைக்கிறதா? இதை ஒரு வரி கேட்டிருக்கலாம்.

பெண்பிள்ளைகளை எடுங்கள். முதல் வருடம் பாடசாலைக்குள் பொதுப்பாடங்கள், பிரச்சினை இல்லை. அதன்பிறகு தொழிற்பயிற்சிக்கு வெளியே போகவேண்டும். சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, நல்ல கல்லூரி. கோமாரியில் இருந்து போகிற பிள்ளை அங்கே மாலை வகுப்பு முடிந்து பஸ் மாறி மாறி ஊருக்கு வரும்போது இருட்டிவிடும். எங்கள் றோட்டில் பொழுது பட்டால் யானை நிற்கும். தகப்பன் மோட்டார் சைக்கிளில் சந்திக்கு வந்து நிற்பார், இரண்டு கிழமை. மூன்றாம் கிழமை, போதும் மகள் என்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பஸ் நேரசூசியைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக நினைக்காத திட்டக்காரர்மேல்தான் கோபம். அந்தப் பிள்ளைக்குச் சேர்விடாப்பில் என்ன காரணம் எழுதுவார்கள் தெரியுமா? 'பெற்றோர் வேண்டுகோள்'.

உங்கள் ஊரில் இன்னொரு பாதையும் இருக்கிறது, நீங்கள் அறியாததல்ல. தரம் எட்டோடும் ஒன்பதோடும் விலகி அரபுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள். அதில் மௌலவியாகி ஊருக்கு நிழலாக இருப்பவர்களை நான் அறிவேன். அங்கேயிருந்தும் இடையில் வந்து, இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கிற பையன்களும் உண்டு. இதை எழுதும் உரிமையும் பக்குவமும் எனக்கில்லை, உங்களுக்கு இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு ஏசிய பிறகு, மனதில் இருப்பதைச் சொல்லாமல் போனால் அது துரோகம். உங்கள் கட்டுரையில் கடைசிக்கு முந்திய பந்தி. தொழிற்பிரிவுப் பையன் வீட்டுக்குப் போகும்முன் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான்; நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு மசகு போகவில்லை; கையை சேட் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறான். அவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் இல்லை, ஐயோ பாவம் இல்லை. தம்பி, ஐம்பது வருடமாக இந்தக் கரையின் பாடசாலைகளைப் பற்றி நான் எழுதிய எதிலும் அப்படி ஒரு பந்தி இல்லை. எத்தனை கருத்தரங்கில் தொழிற்கல்விக்கு மதிப்பில்லை என்று பேசினோம். அந்த மதிப்பின்மை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று ஒருவரும் காட்டவில்லை. நீங்கள் நகக்கண்ணில் காட்டிவிட்டீர்கள். வாசித்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். என் மனைவி என்ன நடந்தது என்று கேட்டாள், சொல்ல முடியவில்லை. அந்தக் கையைப் பார்த்த அதே கண்தான் பதினொரு தடவை வீதத்தையும் பார்த்தது என்பதை நம்ப எனக்கு மனமில்லை.

அந்தப் பையனைப் பின்தொடருங்கள். ஒப்பீடு என்று நீங்கள் செய்ய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்: ஒரே வருடம் தரம் 6இல் சேர்ந்த இரண்டு பிள்ளைகள், அவரவர் பாடசாலை, அவரவர் பஸ், இன்றைக்கு அவரவர் கை எங்கே இருக்கிறது. வெட்டுப்பட்ட பெயர்களில் இருந்து ஒரு பிள்ளையை மூன்றாவதாகச் சேருங்கள். ஒரு வருடம் எடுக்கும். பத்திரிகை பொறுக்காது, நீங்கள் பொறுங்கள்.

வலை பின்னிய பையனை நான் இப்போதும் காண்கிறேன். அறுபதைத் தாண்டிவிட்டார். சங்கமன்கண்டிப் பக்கம் கரைவலையில் இருக்கிறார். சந்தையில் கண்டால் சேட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு "சேர்" என்று எழும்பி நிற்பார். பை நிறைய மீன் போட்டுத் தருவார், காசு வாங்கமாட்டார். நாங்கள் மழை பெய்யுமா என்று பேசுவோம், மீன் விலை பேசுவோம். 1978இல் அந்த மாதம் அவர் ஏன் வரவில்லை என்று நான் இதுவரை கேட்டதில்லை. அடுத்த கிழமை வாருங்கள், விடிய முந்தின பஸ்ஸில். வலை இழுக்கிற நேரம் கரைக்குப் போவோம். நான் அவரைக் காட்டிவிட்டுத் தோணியடியில் நிற்கிறேன். நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
கோமாரியில் இருந்து ஒரு பழைய வாத்தியார்